வாசலுக்கு அடங்காத ராக்

ஓர் இரும்புச் சட்டத்துக்குள் இவ்வளவு விவகாரம் இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஸ்டூடியோக்காரர் பேசாமல் ஒரு பீரோ வாங்கிப் போட்டிருப்பார். பீரோவைப் பற்றிக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இதுவரை விதி எதுவும் கிடையாது.

ஸ்டூடியோவை அவர் மூடிப் பல காலமாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடையை விற்றபோது கேமராக்களையும் திரைச்சீலைகளையும் விற்றுவிட்டார், எடுத்த படங்களை விற்க மனசு வரவில்லை. ஊரில் பாதிப் பேரின் பாஸ்போர்ட் முகமும், கால்வாசிப் பேரின் கல்யாண முகமும் அவரிடம் இருந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இணையத்தில் இடம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார். அந்தக் கம்பெனி வருஷா வருஷம் வாடகையை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் கட்டாவிட்டால் அழித்துவிடுவோம் என்று அன்போடு தெரிவித்தது. நம் படத்தை நம் வீட்டில் வைத்துக்கொள்ள எவன் கேட்பான் என்று அவருக்கு ரோஷம் வந்தது. எவன் கேட்பான் என்பதற்கு விடை பிற்பாடு விரிவாகக் கிடைத்தது.

மூடப்போகும் ஓர் அலுவலகத்திலிருந்து, படங்களைச் சேமித்துவைக்கத் தோதான சர்வர் என்ற பழைய கணினிகள் சல்லிசாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் பீட்சா பெட்டியை இழுத்து நீட்டியது மாதிரி தட்டையாக, நீளமாக, எடுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் இருந்தது. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சூடேறிப் படுத்துவிடும். இடைவெளிவிட்டு நிறுத்துவதற்கென்றே ராக் என்ற ஒரு சட்டம் விற்கிறார்கள். விலையை அவர் இரண்டு தடவை கேட்டார். நாலு கால், அதில் வரிசையாக ஓட்டைகள், அவ்வளவுதான். இரும்புக்கு அந்த விலை இருக்க முடியாது, ஓட்டைக்குத்தான் வாங்குகிறார்கள் என்று முடிவுகட்டினார்.

"அந்தக் காசுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கினா உள்ள தண்ணியாவது வைக்கலாம்," என்றாள் அவர் மனைவி.

எதிர்வீட்டு கிரில்காரர் காதில் விஷயம் விழுந்தது. ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கேட் எல்லாம் செய்து தரும் பட்டறை வைத்திருப்பவர். இரண்டு குடும்பமும் ஒரே மாதத்தில் குடிவந்தவை. இந்த வீட்டு மாற்றுச் சாவி அந்த வீட்டு ஆணியிலும், அந்த வீட்டு மாற்றுச் சாவி இந்த வீட்டு ஆணியிலும் தொங்கும். ஸ்டூடியோக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கிரில்காரர் அவரை அண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தக் குறை அவருக்குத் தீர்ந்துவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கிரில்காரரிடமும் சொன்னதில்லை.

"கடையில போய் ஏமாறாதீங்கண்ணே. எல்-ஆங்கிள் இரும்பு நான் தர்றேன். நாலு காலை நட்டு, நடுவுல தட்டு போட்டா ராக்கு. நான் பத்து மாடிக்குப் படி போட்டவன், எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் அவர்.

அப்போது பட்டறை முழுக்க ஒரு பள்ளிக்கூடத்து கேட் படுத்துக் கிடந்தது. அதனால் இரும்பைத் துண்டுகளாகக் கொண்டுவந்து, ஸ்டூடியோக்காரர் வீட்டின் பின்னறையிலேயே வைத்துப் பற்றவைப்பது என்று ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை நடந்தது. கிரில்காரர் முகமூடியை மாட்டிக்கொண்டு பற்றவைப்பார். ஸ்டூடியோக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு காலைப் பிடித்துக்கொள்வார். தீப்பொறி விழுந்து தரையில் கரும்புள்ளிகள் விழுந்தன. அண்ணி திட்டினாள், தம்பி சிரித்தார், டீ வந்தது. ஸ்டூடியோக்காரர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாயிருந்தது.

வெறும் ராக்காகச் செய்ய கிரில்காரருக்குக் கை வரவில்லை. மொட்டையா இருக்குண்ணே என்று சொல்லி, இரண்டு பக்கமும் கொடி ஓடவிட்டு, கொடியில் இலையும் சுருளும் வைத்தார். முன்பக்கம் ஒரு கேட் கதவு மாதிரி வைத்து அதற்குத் தாழ்ப்பாளும் போட்டார். பச்சை பெயின்ட் அடித்து, தங்க நிறத்தில் இலைகளைத் தொட்டுவிட்டார். உலகத்தில் எந்த சர்வருக்கும் இப்படியொரு மாளிகை வாய்த்திருக்காது.

பெயின்ட் காய்ந்ததும், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கூடத்துக்கு நகர்த்தினார்கள். ராக் அறைவாசலில் வந்து நின்றுகொண்டது. பக்கவாட்டில் திருப்பினார்கள், சாய்த்தார்கள், கதவையே கழற்றினார்கள். கொடியும் சுருளும் நிலையில் இடித்தன. விரற்கடை அளவுதான் அதிகம், ஆனால் அந்த விரற்கடையைக் குறைக்க வழியில்லை.

கிரில்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். அவர் அளவெடுத்தது என்னவோ உண்மை. ஆனால் இருபது வருஷப் பழக்கத்தில், கேட்டுக்கு எடுப்பதுபோல வாசலை அளந்து, வாசலை அடைக்கிற மாதிரியே செய்துவிட்டார். "எங்க தொழில்ல வாசலுக்குள்ள இறுகி நின்னாதாண்ணே வேலை. வெளிய வந்துட்டா அது தப்பு," என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

சிரித்து முடித்ததும் கிரில்காரர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இதை நான் செஞ்சேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அளவு தெரியாதவன்னு பேராயிடும். பட்டறைக்கு ஆள் வராது."

"என்னப்பா இது, உன்னைப் போய்க் காட்டிக் கொடுப்பேனா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

இது இப்படி இருக்க, சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல் வந்தது. அந்தப் பதவிக்கு யாரும் போட்டியிடுவதில்லை என்பது சங்கத்தின் மரபு. கூட்ட அறைக் கதவில் கீல் ஆடுகிறது என்று கிரில்காரரை வரச்சொல்லியிருந்தார்கள். நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டதால் அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தேர்தலில் நிற்காததாலும், அவர் ஒருவர் மட்டுமே நின்றதாலும், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஏற்புரை நிகழ்த்தினார்.

தலைவர் அவருக்கு சால்வை போட்டார். தலைவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஓர் உயர்ந்த நாற்காலியில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். அங்கே என்ன வேலை நடந்தது என்பது அவருக்கும் ஞாபகமில்லை, உட்கார்ந்த விதம் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை படியில் எதிர்ப்பட்ட கிரில்காரரைப் பார்த்து, என்னப்பா செயலாளரே என்று ஸ்டூடியோக்காரர் தோளில் தட்டினார். கிரில்காரர் தட்டிய இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வணக்கம், உறுப்பினர் அவர்களே," என்றார். விளையாடுகிறான் என்று நினைத்து ஸ்டூடியோக்காரர் ரொம்ப நேரம் சிரித்தார். தனியாகச் சிரிக்கிறோம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

முதல் புகார் கீழ்வீட்டு ஆடிட்டர் அம்மாவிடமிருந்து வந்தது. மேலே இயந்திரங்களின் இரைச்சலால் தூக்கம் போகிறது, காது ரீங்காரமிடுகிறது என்றார். அன்றைக்கு ராக்கில் ஒரு சர்வர்கூட ஏற்றப்படவில்லை. பெயின்ட் வாசனை போகட்டும் என்று ஸ்டூடியோக்காரர் காத்திருந்தார். இதை அவர் எடுத்துச் சொன்னபோது, அந்த அம்மாவின் முன்யோசனையைத் தலைவர் பாராட்டினார். சத்தம் வந்த பிறகு புகார் கொடுப்பவர்கள் சாதாரண உறுப்பினர்கள் என்றும், வருவதற்கு முன்பே கொடுப்பவர்கள்தான் சங்கத்தின் தூண்கள் என்றும் சொன்னார். தூணை உடனே பொருளாளர் ஆக்கினார்கள்.

சத்தம் கேட்கும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. காது கேட்கும் கருவி விற்கிற ஒருவர் அதில் நிபுணராக இருந்தார். குழுவினர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறையில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. மாடியில் யாரோ மிக்ஸி போட்டார்கள், அது சங்கப் பொருளாளரின் மகள் வீடு என்பதால் கணக்கில் சேரவில்லை. சற்று நேரத்தில் ஒரு குறட்டை மட்டும் கேட்டது. அது குழுவின் உள்விவகாரம் என்று நிபுணர் விளக்கினார்.

ஆக ஒன்றும் இல்லை என்று தீர்ந்துவிட்டது என ஸ்டூடியோக்காரர் மூச்சுவிட்டார். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"கேட்கிற சத்தத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதை நிறுத்தச் சொல்லிவிடலாம். கேட்காத சத்தத்தை எப்படி நிறுத்துவது? நான் அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க என் அறையிலிருந்து சின்னச் சத்தம்கூட வெளியே வந்ததில்லை. ஏன்? உள்ளே எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பெயர்தான் நிர்வாகம். ஆனால் இந்த அறையில் சத்தமும் இல்லை, ஏதோ நடக்கவும் போகிறது. இது நிர்வாகத்துக்கு நேர்விரோதம்."

குழுவினர் கை தட்டினார்கள். எல்லோருக்கும் முந்திக்கொண்டு தட்டியவர் கிரில்காரர். தன் கொடியில், தானே வைத்த இலை ஒன்றின்மேல் சாய்ந்தபடி தட்டினார். அவர் தன் பக்கம் திரும்புகிறாரா என்று ஸ்டூடியோக்காரர் பார்த்தார். பதவி புதுசு, பாவம், எல்லோர் முன்னாலும் என்ன செய்வான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த சமாதானம் அடுத்த வாரமே ஆட்டம் கண்டது. மனைவியோடு பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தவர், வீட்டுக்கதவு விரியத் திறந்திருப்பதைப் பார்த்தார். திருடன் என்று பதறி உள்ளே ஓடினார். உள்ளே சங்கம் உட்கார்ந்திருந்தது. திடீர் ஆய்வாம். தலைவர் சோபாவில் இருந்தார், பொருளாளர் அம்மா சமையலறையில் எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரில்காரர் விரலில் மாற்றுச் சாவி சுழன்றுகொண்டிருந்தது.

"அந்தச் சாவி எங்களுக்கு ஒண்ணுன்னா வந்து திறக்கத்தானே தம்பி குடுத்தோம்?" என்றாள் மனைவி.

"பொது நன்மைக்காகத் திறந்தேன், உறுப்பினரின் துணைவியார் அவர்களே," என்றார் கிரில்காரர்.

எத்தனையோ வருஷமாக அண்ணி என்று கூப்பிட்ட வாய். அவள் எதிர்வீட்டுச் சாவியைத் தங்கள் ஆணியிலிருந்து எடுத்து, கிரில்காரர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்டூடியோக்காரர் அந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுகூட அவர் கோபப்படவில்லை. தலைவர் கட்டாயப்படுத்தியிருப்பார் என்றே நினைத்தார்.

பிறகு, கேட்காத சத்தம் பற்றிய விசாரணை. கூட்ட அறையில் உறுப்பினர்கள் நிறைந்திருந்தார்கள். பொழுது போகாதவர்கள் பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் வந்திருந்தார்கள். ராக்கை நேரில் பார்த்து வந்த நிபுணர் தன் கருத்தைச் சொன்னார். காது கேட்கும் கருவியிலும் சின்னதாகப் பற்றவைப்பு உண்டு என்பதால் அவருக்கு அந்தத் துறையும் தெரியுமாம். அளவு தெரியாதவன் செய்த வேலை என்றார். பற்றவைப்பு பிசிறடித்திருக்கிறது, தொழில் பழகாத கை என்றார். அறையை விட்டு வெளியே எடுக்க முடியாதபடி ஒரு பொருளை அறைக்குள் செய்பவனுக்கு என்ன மூளை இருக்க முடியும் என்று சபையைப் பார்த்துக் கேட்டார். சபை சிரித்தது. செயலாளர் மேஜைக்குப் பின்னால் கிரில்காரரின் காது சிவந்தது.

"இதைச் செய்தது யார்?" என்று கேட்டார் தலைவர்.

ஸ்டூடியோக்காரர் கிரில்காரரைப் பார்த்தார். நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம், ராக்கை அவர்கள் எடுத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. கூட இருந்தேன் என்று சொன்னால்கூடப் போதும். கிரில்காரர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றாத விசிறி அது.

"நான்தான் செஞ்சேன்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தனியாகவா?"

"தனியாத்தான்."

வெல்டிங் கம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அது சபையில் பாதிப் பேருக்குத் தெரியும், கிரில்காரருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவைக்குறிப்பில் தனியாத்தான் என்று ஏறிவிட்டது. ஏற்றியவர் செயலாளர். அவர் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக இருந்தது.

தீர்ப்பு சுருக்கமானது. ராக்கையும் அதிலுள்ள சர்வர்களையும் சங்கத்தின் பாதுகாப்புக்கு மாற்ற வேண்டும். படங்களையெல்லாம் அதற்குள் சர்வர்களில் ஏற்றி முடித்திருந்தார். இணையக் கம்பெனியும் சொன்ன சொல் தவறாமல் அங்கிருந்ததை அழித்திருந்தது. அவர் வாழ்நாள் வேலை முழுவதும் இப்போது அந்தப் பச்சைச் சட்டத்துக்குள்தான் இருந்தது. சர்வர்களை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சான்றுப் பொருளைக் கலைக்கக் கூடாது என்றார்கள்.

ராக்கை எடுக்க ஆள்கள் வந்தார்கள். வாசலில் வந்து அது வழக்கம்போல நின்றுகொண்டது. தலைவர் அதை அப்படியும் இப்படியும் அசைக்க உத்தரவிட்டார். உத்தரவுக்கு அது பணியவில்லை. நிலையை உடைக்கலாம் என்றால், நிலை கட்டடத்தோடு சேர்ந்தது, கட்டடம் சங்கத்தோடு சேர்ந்தது, சங்கச் சொத்தைச் சங்கமே உடைக்க விதியில்லை.

ஸ்டூடியோக்காரர் கிரில்காரரைத் தனியாக அழைத்துப்போய்க் கெஞ்சினார். "கட்டர் வச்சு அந்தக் கொடியை மட்டும் அறுத்து விடுப்பா. உனக்குப் பத்து நிமிஷ வேலை. எடுத்துட்டுப் போகட்டும், எங்களை நிம்மதியா விட்டாப் போதும்."

"அது இப்ப சங்கப் பொருள், உறுப்பினர் அவர்களே. அதுல கை வைக்க எனக்கு அதிகாரமில்லை," என்றார் கிரில்காரர். பிறகு கொஞ்சம் யோசித்து, "கட்டர் சத்தமும் ஜாஸ்தி," என்று சேர்த்துக்கொண்டார்.

முட்டுக்கட்டையைத் தலைவர்தான் உடைத்தார். பொருள் சங்கத்தின் பாதுகாப்புக்கு வர முடியவில்லை என்றால், சங்கத்தின் பாதுகாப்பு பொருள் இருக்கும் இடத்துக்குப் போகட்டும் என்றார். இத்தனை எளிய வழி தமக்குத் தோன்றவில்லையே என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். மறுநாள் பின்னறைக் கதவில் சங்க அலுவலகம் என்று பலகை தொங்கியது. மேஜை வந்தது, நாற்காலிகள் வந்தன, தண்ணீர் கேன் வந்தது. உறுப்பினர்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவும் என்று சின்னதாக ஓர் அறிவிப்பும் வந்தது. அந்த உறுப்பினர்களில் ஸ்டூடியோக்காரரும் ஒருவர்.

தன் படங்களைப் பார்க்க அவர் வேலை நேரத்தில் கூடத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு கல்யாண ஆல்பத்தைக் கேட்டு யாரோ வந்தபோது, தனிநபர் படங்கள் பரிசீலனையில் இருக்கின்றன என்று கிரில்காரர் சொல்லி அனுப்பினார். கிரில்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஸ்டூடியோக்காரருடையது. முதுகுவலிக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது.

மனைவி ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். டீயில் சர்க்கரை குறைவு என்று ஒரு புகார் முறைப்படி பதிவானதும் நிறுத்திவிட்டாள்.

"ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு அவன் சொல்லியிருக்கலாமில்லங்க," என்றாள் ஒருநாள்.

"சொல்லுவான். சமயம் பார்த்துச் சொல்லுவான்," என்றார் அவர். சொல்லமாட்டான் என்பது தெரிந்துகொண்டே காத்திருப்பது மாதிரி அவமானம் வேறில்லை. காரிடாரில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் அவர் தலை தானாகத் திரும்பியது.

சங்கம் அந்த சர்வர்களை வீணாக்கவில்லை. குடியிருப்பின் கேமராக்கள் அனைத்தையும் அதில் இணைத்தார்கள். யார் எப்போது குப்பை கொட்டினார்கள், யார் லிஃப்டில் தலை வாரினார்கள் என்பதெல்லாம் உள்ளே சேர்ந்தது. பாரம் தாங்காமல் சர்வர்களின் விசிறிகள் உச்சத்தில் சுழன்றன. இப்போது உண்மையாகவே இரைச்சல் வந்தது. சுவர் அதிர்ந்தது, ஸ்டூடியோக்காரர் வீட்டில் டம்ளர்கள் தாமாக நகர்ந்தன. அவர் பொருளாளர் அம்மாவிடம் போய், கீழே கேட்கவில்லையா என்று கேட்டார். தனியார் சத்தம்தான் இரைச்சல், பொதுச் சத்தம் செயல்பாடு என்று அந்த அம்மா விளக்கினார். அவருக்கு இப்போது நல்ல தூக்கமாம்.

பக்கத்துக் குடியிருப்புகளில் செய்தி பரவியது. கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாத ராக்கை, குறைந்த செலவில், இலையும் கொடியுமாகச் செய்துவைத்திருக்கிறார்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். செருப்பெல்லாம் ஸ்டூடியோக்காரர் வீட்டுக் கூடத்தில் குவிந்தது. வாசலைவிட அகலமாகச் செய்திருப்பதைத்தான் அவர்கள் அதிகம் வியந்தார்கள். திருடனால் தூக்கிக்கொண்டு போகவே முடியாதே, என்ன மூளை, என்றார்கள். அதே நிபுணர் முன்னால் நின்று, பற்றவைப்பின் நேர்த்தியைத் தடவிக் காட்டினார்.

சங்கத்தின் ஆண்டு விழாவை ராக் முன்னாலேயே நடத்தினார்கள். அறை கொள்ளாமல் கூடம்வரை கூட்டம். ராக்குக்கு ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் பேசினார், நிபுணர் பேசினார். கடைசியாகச் செயலாளர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. ஸ்டூடியோக்காரர் அறைக்கு வெளியே, கூடத்துச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதிகம் பேசிப் பழக்கமில்லாதவன்," என்று ஆரம்பித்தார் கிரில்காரர். "ஆனா இன்னைக்கு ஒரு உண்மையைச் சொல்லணும். ரொம்ப நாளா மனசுல கிடக்குது."

ஸ்டூடியோக்காரர் பக்கத்தில் நின்ற மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வந்துவிட்டான், சொல்லிவிடப்போகிறான் என்று கண் கலங்கியது.

"இந்த ராக்கைச் செஞ்சது நான். ஒவ்வொரு வெல்டும் என் கை. ஒவ்வொரு இலையும் நான் வச்சது. வாசலைவிட அகலமா இருக்கணும்கிறதும் என் யோசனைதான். தனியாத்தான் செஞ்சேன். பேர் புகழுக்கு ஆசைப்படாததால இத்தனை நாள் சொல்லல."

கைதட்டல் ஓயப் பல நிமிஷமாயிற்று. மனைவி கையை உருவிக்கொண்டாள். விசாரணையன்று ஸ்டூடியோக்காரர் மனசுக்குள் கெஞ்சிக் காத்திருந்த அதே வார்த்தைகள்தான், ஒரு வார்த்தையும் குறையவில்லை. அன்றைக்கு வராதது இன்றைக்கு ரிப்பனோடு வந்திருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தலைவருக்கு ஞாபகசக்தி திடீரென்று வேலை செய்தது. விசாரணையில் வேறொருவர் தான்தான் செய்ததாகச் சொல்லவில்லையா என்றார். அவைக்குறிப்பைப் பார்த்தார்கள். தனியாத்தான் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. சபை முழுக்கத் திரும்பி ஸ்டூடியோக்காரரைப் பார்த்தது.

"அடுத்தவர் உழைப்பை நம் உழைப்பு என்று சொல்லிக்கொள்வது பெரிய குற்றம்," என்றார் தலைவர், மிகுந்த வேதனையோடு. "எனக்குக் கீழே இருந்தவர்கள் எழுதிய அத்தனை அறிக்கையிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அது பதவியால் வந்த உரிமை. சாதாரண உறுப்பினருக்கு அது எப்படி வரும்? செயலாளரிடம் இவர் இப்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும்."

ஸ்டூடியோக்காரர் முன்னால் அழைத்துவரப்பட்டார். பல மாதங்களுக்குப் பிறகு கதவைத் தட்டாமல் அந்த அறைக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான். கிரில்காரருக்கு எதிரே போய் நின்றார்.

"சொல்லாதீங்கன்னு நீதானேப்பா சொன்னே?" என்றார் மெதுவாக.

கிரில்காரர் அவைக்குறிப்பை ஒருமுறை புரட்டினார். நிதானமாகத்தான் புரட்டினார்.

"அப்படி எதுவும் இதுல இல்லையே, உறுப்பினர் அவர்களே."

எதிரே நிற்பவன் யார் என்று ஸ்டூடியோக்காரருக்கு முதல்முறையாக நன்றாகத் தெரிந்தது, அதைத் தெரிந்துகொள்ள இத்தனை வயது தேவைப்பட்டதே என்றும் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க, செயலாளர் அவர்களே," என்றார்.

கிரில்காரர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். போகட்டும், தெரியாமல் செய்துவிட்டார் என்று சபையிடம் எடுத்துச் சொன்னார். அவருடைய நல்ல மனசுக்கும் கை தட்டினார்கள்.

விழா முடிவில் எல்லோரும் ராக்கோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். எடுப்பதற்கு ஒரு நல்ல ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லோரும் ஸ்டூடியோக்காரரையே பார்த்தார்கள். தலைவர் தன் செல்போனை அவர் கையில் திணித்தார்.

அவர் பார்த்தார். அத்தனை பேரும் ராக்கும் ஒரு சட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரடி பின்னால் போனார், பற்றவில்லை. இன்னும் போனார். வாசலைத் தாண்டி, கூடத்தில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே போய் நின்ற பிறகுதான் எல்லோரும் அடங்கினார்கள். நடுவில் கிரில்காரர், ஒரு கையைக் கொடியின் மேல் வைத்திருந்தார்.

ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவர் அவர். மனசில் ஏதாவது உறுத்தினால் மனுஷனுக்குக் கண் நேராக நிற்காது, கேமராவுக்கு முன்னால் இமை துடிக்கும், அதை மறைக்க யாராலும் முடியாது. அதற்காக அவர் காத்திருந்தார். ஒரு துடிப்பு போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்றிருந்தது.

"நடுவுல இருக்கிறவர் இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க," என்றார்.

கிரில்காரர் நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார். இமை துடிக்கவேயில்லை.

படம் மிக நன்றாக வந்திருந்தது. உடனே அதை ராக்கில் ஏற்றிவிட்டார்கள். பிரதி வேண்டுமானால் நாளைக்கு வேலை நேரத்தில் வந்து கதவைத் தட்டும்படி ஸ்டூடியோக்காரரிடம் சொன்னார்கள்.